பறக்கும் தட்டில் ஏறிப்போன பசுமாடு

ஏ மருமகனே, வா, உக்காரு. அந்தக் கயித்துக் கட்டில்ல வேண்டாம், நடுவுல தொஞ்சு கெடக்கு. திண்ணையிலயே உக்காரு. மோரு குடிக்கியா? உள்ள ஒங்க அத்தை இருக்கா, கேளு. எங்கிட்டே கேட்டா எடுத்துட்டு வர நேரமாகும். கையில வேலை இருக்கு.

என்ன வேலையா? படிச்சுக்கிட்டு இருக்கேன்.

போன மாசம் நீ போன்ல என்ன சொன்னே? "மாமா, லீவுக்கு எம் மக கயலை ஊருக்கு அனுப்புதேன். முழு நேரமும் செல்லுல ஏதோ ஜப்பான் படக்கதை படிக்கா. பேய், பிசாசு, வேத்துக் கிரகத்தான்னு ஒரே கூத்து. நீங்க சொன்னாத்தான் கேப்பா, நாலு புத்தி சொல்லுங்க"ன்னே. சொன்னியா இல்லியா? சரின்னு நானும் ஒத்துக்கிட்டேன். புத்தி சொல்லுறதுன்னா எனக்கு வெல்லக்கட்டி. ஆனா எதைத் திட்டணுமோ அதை ஒரு தரம் பாத்துட்டுத்தானே திட்டணும்? ருசி பாக்காமக் கொழம்பைத் திட்டுற உரிமை மாமியாருக்கு மட்டும்தான் உண்டு.

அதனால பாத்தேன். முதல் நாள் ஒரு அத்தியாயம். மறுநாள் நாலு. மூணாம் நாள் பிள்ளை தூங்கப் போயிட்டா, நான் செல்லை வச்சுக்கிட்டு மாட்டுக்கொட்டம் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒங்க அத்தை வந்து, "வயசான காலத்துல யாருகிட்டே ராத்திரி பேசுதீரு?"ன்னு கேட்டா. கிழவிகூடன்னு சொன்னேன். உண்மையத்தான் சொன்னேன், ஆனா நம்பலை.

கதைக்குப் பேரு டண்டடான். நம்ம கோயில் கொடையில கொட்டடிக்கிற மாதிரியே இருக்குல்லா? பேரைக் கேட்டதுமே எனக்குப் பாதி பிடிச்சுப்போச்சு. யுகினோபு தத்சுன்னு ஒருத்தர் எழுதி வரையுதாரு. 2021 ஏப்ரல்ல ஆரம்பிச்சாரு. ஷோனென் ஜம்ப் பிளஸ்ஸுன்னு, செல்லுலயும் கம்ப்யூட்டர்லயும் மட்டும் வார பத்திரிகை ஒண்ணு இருக்காம், அதுலதான் வாராவாரம் வருது. அதுக்கு முன்னால வேற பெரிய ஆளுங்ககிட்டே எடுபிடியா இருந்து கோடு போட்டுப் பழகுனவராம். செயின்சா மேன்னு ஒரு கதை, அதுக்கெல்லாம் கூடமாட வரைஞ்சிருக்காரு. பட்டறையில துருத்தி ஊதுன பய பின்னால தனிப் பட்டறை போட்டா வேலைப்பாடு எப்படி இருக்கும், அப்படி இருக்கு அவரு கோடு. ஒரு கட்டடம் இடிஞ்சு விழுதுன்னா ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாத் தெரியும்.

ஒண்ணு சொல்லிருதேன், ஜப்பான்காரன் புத்தகத்தை வலது பக்கமிருந்து இடது பக்கமாப் படிக்கணும். எனக்கு அது தெரியாம முதல் நாள் படிச்சதுல, அடி வாங்குனவன் முதல்ல விழுந்தான், அப்புறமாத்தான் அடிச்சவன் கையை ஓங்குனான். நம்ம ஊர் போலீஸ் கேசு மாதிரியே இருந்ததால எனக்குச் சந்தேகமே வரலை. கயல்தான் சிரிச்சுக்கிட்டே திருத்துனா. இங்கிலீசுல இருக்கிறதை அவ வாசிச்சுச் சொல்லுவா, நான் படத்தைப் பாத்துக்கிட்டே கேப்பேன். இப்ப அவ இல்லாமலே முக்கால்வாசி புரியுது. மூக்குல குத்துறதுக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு?

கதை இதுதான். மோமோன்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒங்க மெட்ராஸ்ல கொழுக்கட்டைய அவிச்சு வண்டியில விக்கானே அந்த மோமோ இல்லை, இது பிள்ளை பேரு. பேயை நம்புவா, வேத்துக் கிரகத்தானை நம்பமாட்டா. அதே பள்ளிக்கூடத்துல ஒரு பய, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒடிசலா, எல்லாரும் கேலி பண்ணுற பய. இவன் வேத்துக் கிரகத்தானை நம்புவான், பேயை நம்பமாட்டான். ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். நீ என் ஆளு இருக்கிற இடத்துக்குப் போ, நான் ஒன் ஆளு இருக்கிற இடத்துக்குப் போறேன்னு பந்தயம். அவ பாழடைஞ்ச ஆசுபத்திரிக்குப் போறா, இவன் சுரங்கப் பாதைக்குப் போறான். பேயும் உண்டு, வேத்துக் கிரகத்தானும் உண்டுன்னு ரெண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில தெரிஞ்சுபோகுது. அன்னைக்குப் பிடிச்ச ஓட்டம் இன்னும் நிக்கலை.

பையனோட பேருலயும் ஒரு கூத்து இருக்கு. மோமோவுக்கு கென் தகாகுரான்னு ஒரு சினிமா நடிகரு மேல உசுரு. நெசமாவே இருந்த மனுசன், 2014-ல காலமாயிட்டாரு. அதிகம் பேசாம மொறைச்சே ஆளை அடிக்கிற ரகம். அவரை மாதிரி ஒருத்தனைத்தான் கட்டுவேன்னு இருக்கிற பிள்ளை முன்னால இந்த ஒடிசல் பய வந்து நின்னு, "என் பேரு கென் தகாகுரா"ங்கிறான்! எம்.ஜி.ஆர். பைத்தியமா இருந்த ஒங்க அத்தை முன்னால நான் பொண்ணு பாக்கப் போயி, "என் பேரு ராமச்சந்திரன்"னு சொன்னா எப்படி இருந்திருக்கும்? அந்தப் பேரைச் சொல்லமாட்டேன்னு அவ அடம்பிடிச்சு ஒகாருன்னு ஒரு பட்டப்பேரு வச்சிருதா. ஊருல பட்டப்பேரு இல்லாதவன் எவன் இருக்கான்? ஒன்னை நாங்க என்னன்னு கூப்பிட்டோம்னு கயல் கேட்டா. இன்னும் சொல்லலை. சொல்லாம இருக்கிறது ஒன் கையிலதான் இருக்கு.

இப்ப அந்த வேத்துக் கிரகத்தானுங்களைக் கேளு. செர்ப்போக்காரங்கன்னு பேரு. நான் என்னமோ பச்சை நிறமா, கொம்பு வச்சு, பத்துக் கையோட வருவானுங்கன்னு பாத்துக்கிட்டிருந்தா, எல்லாவனும் கோட்டு சூட்டு, கழுத்துல டை, ஒரே முகம், ஒரே சிரிப்பு. ஒருத்தனுக்கும் உணர்ச்சின்னு ஒண்ணு கெடையாது. ஒரே ஆளை அச்சுல வார்த்து வார்த்து எடுத்த மாதிரி வம்சம். மனுசங்களைப் பிடிச்சு ஆராய்ச்சி பண்ண வாரானுங்களாம். எனக்கு ஒடனே ஒன் ஆபீஸ் போட்டோ ஞாபகம் வந்துச்சு. போன பொங்கலுக்கு அனுப்புனியே, மூணு வரிசையா நின்னு எடுத்தது. கயல்கிட்டே காட்டுனேன். அவ சிரிச்ச சிரிப்புல கொட்டத்துக் கோழி எல்லாம் கலைஞ்சு ஓடிருச்சு.

சிரிக்காத இடமும் இருக்கு. முதல் அத்தியாயத்துல அந்தக் கோட்டுக்காரனுங்க மோமோவைப் பிடிச்சு வச்சு மிரட்டுற இடம் எனக்குப் பிடிக்கலை. பொட்டப் பிள்ளையை அப்படி வரைஞ்சிருக்கத் தேவையில்லை. கயல்கிட்டேயே சொன்னேன். "எனக்கும் பிடிக்கலை தாத்தா, ஆனா அவ திருப்பி அடிப்பா பாருங்க"ன்னா. அடிச்சாதான். ஆனாலும் வரைஞ்சவரு மேல எனக்கு அந்த வருத்தம் போகலை. பதினைஞ்சு பதினாறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக கையில இதைக் குடுக்காதே. குடுத்தாலும் பக்கத்துல ஒரு பெரிய ஆளு இருக்கணும். நான் இருக்கேன்.

மோமோ எப்படித் திருப்பி அடிச்சாங்கிறதுலதான் எனக்கு வாயடைச்சுப்போச்சு. அவ பாட்டி சாமியாடி. நம்ம கோடாங்கி மாதிரி வச்சுக்கோயேன். சின்ன வயசுல மனசை ஒரு இடத்துல நிறுத்துறதுக்குப் பாட்டி சொல்லிக்குடுத்திருக்கா. பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைக சிரிச்சதும், இவ வெக்கப்பட்டுப் பாட்டியையே ஒதுக்கிட்டா. உசுரு போற நேரத்துல அந்தப் பாட்டி சொன்னதுதான் ஞாபகத்துக்கு வருது. மனசை ஒரு இடத்துல நிறுத்துதா, அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாத கை ஒண்ணு மொளைச்ச மாதிரி எதிராளியைத் தூக்கி எறியுதா. சூப்பர் ஹீரோன்னா வானத்துலேருந்து சக்தி விழணும், எட்டுக்காலுப் பூச்சி கடிக்கணும்னு இருந்தேன். இவளுக்கு வீட்டுக் கெழவி குடுத்த சக்தி! கயல்கிட்டே, "ஒங்க ஆச்சி சொல்லுறதையும் இனிமே கொஞ்சம் காது குடுத்துக் கேளு"ன்னேன். ஒங்க அத்தை அடுப்படியிலேருந்து, "முதல்ல நீரு கேளும்"னா. சரி, அது வேற கதை.

அந்தப் பாட்டி பேரு செய்கோ. பாட்டிங்கிறாங்க, பாத்தா முப்பது வயசுக்காரி மாதிரி இருக்கா. வாயில எந்நேரமும் சிகரெட்டு. என்ன தைலம் தேய்க்கான்னு ஒங்க அத்தை ரெண்டு தரம் கேட்டா. ஆனா அவ சக்தி எல்லாம் அவ ஊர் எல்லைக்குள்ளதான். அந்த மண்ணுக்குன்னு ஒரு சாமி இருக்காம், அது குடுக்கிற பலம். எல்லை தாண்டினா அவளும் சாதாரணப் பொம்பளைதான். ஏலே, இதை எனக்கு ஜப்பான்காரன் சொல்லணுமா? நம்ம எல்லைச்சாமிக்குப் பின்ன என்ன வேலை? நம்ம கோடாங்கியை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப்போயி ஒன் அடுக்குமாடி வீட்டுல ஒடுக்கை அடிக்கச் சொன்னியே, அருள் வந்துச்சா? பக்கத்து வீட்டுக்காரன்தான் வந்தான்.

இனி கிழவி. ராத்திரி நான் பேசிக்கிட்டிருந்த கிழவி.

சுரங்கப் பாதைக்குப் போன பையனைப் பிடிச்சது டர்போ கிழவின்னு ஒரு பேயி. ஜப்பான்ல நெசமாவே இப்படி ஒரு பேச்சு உண்டாம். ராத்திரி காரு ஓட்டிக்கிட்டுப் போனா, பக்கத்துலயே ஒரு கிழவி காருக்குச் சமமா ஓடி வந்து கண்ணாடியில எட்டிப் பாப்பாளாம். நாலுவழிச் சாலை வந்ததுக்கப்புறம் பேயும் வேகம் கூட்டாம இருக்க முடியுமா? அவ பையனைச் சபிச்சு, அவன் உடம்பிலேருந்து ஒண்ணைப் பறிச்சுக்கிடுதா. எதைன்னு நான் சொல்லமாட்டேன். ஆச்சி பக்கத்துல இருக்கும்போது அந்த இடத்தைச் சத்தம்போட்டுப் படிக்காதே, அவ்வளவுதான். கதையில பாதித் தூரம் அதைத் தேடியே அலையுதானுங்க.

சாபத்தோடயே கிழவியோட வேகமும் பையனுக்கு வந்திருது. தலைமுடி வெளுத்து, மின்னல் மாதிரி ஓடுவான். ஆனா அந்த உருவம் வந்ததும் மனசு சோர்ந்துபோயி, "எதுக்குடா இதெல்லாம்"னு சலிச்சுக்கிட்டே சண்டை போடுவான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறப் போறப்போ ஒன் மூஞ்சி இருக்குமே, அப்படியே.

அந்தக் கிழவியைப் பாட்டியோட எல்லைக்குள்ள இழுத்துட்டு வந்து, அடிச்சு, ஒரு வழியா அடக்கிருதாங்க. சரி, தொலைஞ்சாள்னு நெனச்சேன். அப்பத்தான் பாட்டி ஒண்ணு சொல்லுதா. அந்தச் சுரங்கப் பாதைப் பக்கம் கொடூரமாச் செத்துப்போன பொட்டப் பிள்ளைக ஆவி நெறைய இருக்கு. இந்தக் கிழவி அதுகளுக்கு ஆறுதலா அங்க போயி இருந்திருக்கா. அதைக் கேட்டதும் நான் செல்லைக் கீழ வச்சுட்டேன், மருமகனே. நம்ம தெக்கித்திச் சீமையில கொலையில உதிச்ச தெய்வம்னு எத்தனை அம்மன் இருக்கு? எவனோ கொன்னுபோட்ட கன்னிப் பொண்ணுக்கு ஒரு கல்லு நட்டு, வருசம் ஒரு தரம் பொங்கல் வச்சு, "தாயே, மன்னிச்சுக்கோ"ன்னு நிக்கோமே. அந்தப் பிள்ளைகளுக்கு அங்க கல்லு நடுறதுக்கு ஆளில்லை. ஒரு கெட்ட வார்த்தைக் கிழவி காவலுக்கு இருந்திருக்கா.

அந்தக் கிழவி இப்ப எங்க இருக்காங்கிறே? கடையில கல்லாப் பெட்டி மேல ஒரு பூனைப் பொம்மை கையை ஆட்டிக்கிட்டே இருக்குமே, அதுக்குள்ள புகுந்துக்கிட்டு, பாட்டி வீட்டுலயே வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டுத் திரியுதா.

இங்கதான் எனக்குக் கதையோட சூட்சுமம் பிடிபட்டுச்சு. சண்டை போடுற கதை ஒலகத்துல ஆயிரம் இருக்கு. 1938-ல வந்த சூப்பர்மேனே வேத்துக் கிரகத்துலேருந்து வந்த பயதான். கிளீவ்லாந்துன்னு ஒரு ஊருல ஒண்ணாப் படிச்ச ரெண்டு பயலுக உண்டாக்குன ஆளு. அவன் கெட்டவனை அடிப்பான், பறப்பான், போயிருவான். இந்த டண்டடான்ல அடிச்சு முடிச்சதும், அடி வாங்குனவன் யாரு, எதுக்கு இப்படி ஆனான்னு கேக்காங்க. கேட்டுட்டுச் சோறு போடுதாங்க. பாட்டி வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைச் சுத்தி உக்காந்திருக்கிறவன்ல பாதிப் பேரு முந்தா நாள் அவளைக் கொல்ல வந்தவன்.

மாட்டுக் கதைய இன்னும் சொல்லலையே. அமெரிக்காவுல டோவர்னு ஒரு ஊரு. 1977 ஏப்ரல்ல அங்க பள்ளிக்கூட வயசுப் பிள்ளைக மூணு பேரு, ரெண்டு ராத்திரிக்குள்ள வேற வேற நேரத்துல, பெரிய தலையும் மின்னுற கண்ணுமா ஒரு உருவத்தைப் பாத்ததாச் சொன்னாங்க. ஒரு பய படமே வரைஞ்சு குடுத்தான். டோவர் பிசாசுன்னு பேராயிருச்சு. அது என்னங்கிறது இன்னைக்கு வரைக்கும் அவனவன் நம்பிக்கை. இந்தக் கதைக்காரர் அந்தப் பேரை எடுத்து, எறா மாதிரி ஒரு வேத்துக் கிரகத்தானை உண்டாக்கிருக்காரு. குத்துச்சண்டைக்காரன். அவன் விடுற குத்து படத்தைத் தாண்டி வெளிய வந்து நம்ம மூக்குல விழும். கோட்டுக்காரனுங்க கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு.

தோத்ததுக்கப்புறம் அழுதுக்கிட்டே சொல்லுதான். ஊருல ஒரு சின்ன மகன் இருக்கான். நோயாளிப் பிள்ளை, ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். அதுக்குக் காசு வேணும். அந்தக் காசுக்காகத்தான் ஊர் ஊரா, கிரகம் கிரகமா, யாருக்காகவோ யாரையோ குத்திக்கிட்டுத் திரியுதான். கெட்டவன் இல்லை மருமகனே, கடன்காரன். நம்ம வடக்குத்தெரு ஆளு திருப்பூருக்குப் போனானே, அதே மொகம்.

அவனோட ரத்தம் வெள்ளையா இருக்கும். பாலு மாதிரி. மாதிரி என்ன, நம்ம பசும்பாலே அதுக்கு ஆகும்! அது தெரிஞ்சதும் என்ன செய்தாங்க தெரியுமா? அவனுக்கு ஒரு பசுமாட்டைக் குடுத்துட்டாங்க.

அந்தப் பக்கத்தை நான் பத்துத் தரம் பாத்திருப்பேன். பறக்கும் தட்டு மேல கெளம்புது. மாட்டைக் கூட்டிக்கிட்டு அவன் ஊருக்குப் போறான். வெள்ளைக்காரன் நாட்டுல வேத்துக் கிரகத்தான் வந்து மாட்டைத் திருடிட்டுப் போறான், அறுத்துப் போட்டுட்டுப் போறான்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே திருப்பிப் போட்டுட்டான் பாரு கெட்டிக்காரன்! திருடலை, குடுத்தனுப்புனாங்க. போதும்டா சாமின்னு ஆயிருச்சு எனக்கு. ரெண்டே ரெண்டு சந்தேகம்தான். ஒண்ணு, மாடு எத்தனாவது ஈத்துன்னு யாரும் கேக்கலை. ரெண்டு, அங்க வைக்கோலுக்கு என்ன செய்வான்? கயல்கிட்டே கேட்டேன். "தாத்தா, அது கதை"ன்னா. கதைன்னாலும் மாடு திங்கணும்லா?

ஒரு அம்மா கதையும் இருக்கு. சிவப்பு ஆட்டச் சட்டை, ஆட்டச் செருப்பு, ஒரு பொம்பளப் பிள்ளை, அவளை ஒத்தையில வளத்த தாயி. பல பக்கத்துக்குப் பேச்சே கெடையாது. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. படிச்ச அன்னைக்கு ஒங்க அத்தை மொளகா வறுத்துக்கிட்டிருந்தா. அந்தப் புகைதான்.

நீ என்னத்துக்கு மொறைக்கே? பொம்மைக்கதை படிக்கிற பிள்ளை உருப்படுமான்னா? 1972-ல சிவகாசியிலேருந்து முத்து காமிக்ஸ் முதல் புத்தகம் வந்துச்சு, இரும்புக்கை மாயாவி. மின்சாரத்தைத் தொட்டா ஆளு மறைஞ்சு கை மட்டும் தெரியும். பூகோளப் புத்தகத்துக்குள்ள வச்சுப் படிச்சு எங்கய்யாகிட்டே அடி வாங்குனவன் நான். ஒன் கதை என்ன? வைக்கோப் படப்புக்குள்ள லயன் காமிக்ஸ் அடுக்கி வச்சிருந்தியே! மழைக்கு நனைஞ்சிருமேன்னு அதை எடுத்துப் பத்தாயத்துல வச்சது யாரு? ஒங்கம்மாகிட்டே ஒரு வார்த்தை சொன்னேனா? முப்பது வருசமா வாயைத் தொறக்கலை. இன்னைக்குக் கயல் உள்ளதான் இருக்கா, கூப்பிடட்டுமா?

வேண்டாம்லா. அப்ப நான் சொல்லுறதைக் கேளு. ஒன் செல்லைக் குடு. மாங்கா பிளஸ்ஸுன்னு ஒரு செயலி இருக்கு, அந்தப் பத்திரிகைக்காரங்க நடத்துறது. முதல் மூணு அத்தியாயம் ஓசி. அதைப் படி. கோவம் வந்தா மூடி வச்சிரு. வராட்டா கிழவியை அடக்குற வரைக்கும் போ. மாடு வார வரைக்கும் போனேன்னா அப்புறம் நானே சொன்னாலும் நிறுத்தமாட்டே. படிக்கச் சோம்பேறித்தனமா இருந்தா, சயன்ஸ் சாருன்னு ஒரு கம்பெனி இதைப் படமா எடுத்திருக்கு. சாருன்னா அவங்க மொழியில கொரங்காம். 2024 அக்டோபர்ல முதல் பாகம், 2025 ஜூலையில ரெண்டாம் பாகம். நல்லாத்தான் ஓடுது. ஆனா முதல்ல புத்தகத்தைப் பாரு. படத்துல அவன் ஓடுற வேகத்துக்கு நாமளும் ஓடணும், புத்தகத்துல நின்னு மாட்டைப் பாக்கலாம்.

அந்த எறாக்காரன் மாட்டோட போனவன் அப்படியே போயிட்டானா, திரும்ப வாரானாங்கிறே? அதைச் சொல்லமாட்டேன். நானே அதுக்கு எத்தனை ராத்திரி முழிச்சேன்.

இந்தா, மோரு வந்துருச்சு, குடி. நாளைக்குக் கயலைக் கூட்டிட்டுப் போறேங்கிறே, சரி. செல்லை மட்டும் இங்க விட்டுட்டுப் போகச் சொல்லு, அவளுக்கு வேற ஒண்ணு வாங்கிக்குடு. புது அத்தியாயம் நம்ம ஊருக்குத் திங்கக்கிழமை ராத்திரி எட்டரைக்கு வருது. அந்த நேரத்துல மட்டும் போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். ஒங்க அத்தையும் எடுக்கமாட்டா. போன வாரத்துலேருந்து அவளும் பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுதா, தைலத்தைக் கண்டுபிடிக்கணுமாம்.